சத்தமா பேசினா சிக்னல் தெறிக்கும்

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு, நடுவுல எலக்ட்ரானிக்ஸ் வரும். கெபாசிட்டர்னு கேட்டாலே கொட்டாவி வர்றவங்க பாதியைத் தாண்டிக் குதிச்சு 'காது மெஷின்'னு வர்ற இடத்துக்குப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன். :-)

ஹாம் ரேடியோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். அரசாங்கத்துல பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமா வயர்லெஸ் வெச்சுப் பேசற பொழுதுபோக்கு இது. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. செல்போன் வந்தப்புறம் இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு என் ஒரே பதில் 2004 டிசம்பர் 26. அன்னிக்கு பாரதி பிரசாத் (வியூ2ஆர்பிஐ) தலைமையில ஒரு ஹாம் குழு போர்ட் பிளேர்ல இருந்தது. அந்தமான்லேர்ந்து உலகம் பூரா பேசிப் பார்க்கத்தான் போயிருந்தாங்க. சுனாமி வந்து டெலிபோன் எல்லாம் படுத்ததும் அதே ரேடியோவுல 'இன்னார் உயிரோட இருக்கார்'ங்கற சேதிகளை அனுப்ப ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி நேரத்துல பேட்டரியில ஓடற ஒரு மெல்லிய குரலைப் பக்கத்து அலைவரிசைக்காரன் தெறிச்சு அடிச்சு அமுக்கிட்டான்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பதிவு முழுக்க அந்தத் 'தெறிப்பு' பத்தித்தான்.

நாங்க காலைல கூடற இடம் நாற்பது மீட்டர் பாண்ட். 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சந்து. எஸ்எஸ்பி முறையில ஒரு ஆள் பேச ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் போதும். எல்லாரும் ஒழுங்கா ஒதுங்கி நின்னா அறுபது பேச்சுக்கு மேல அந்தச் சந்துல நடக்கலாம். ஆனா ஒருத்தர் மட்டும் கையை விரிச்சுக்கிட்டு நடந்தா? ரெண்டு பக்கமும் இருக்கறவங்க மேல இடிக்கும்.

எங்க திருச்சி சார் அப்படித்தான் இடிக்க ஆரம்பிச்சிருந்தார்.

சார் ரயில்வேயில சிக்னல் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு எழுபத்தெட்டு. அவர் ரிக் அவரே செஞ்சது. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் (வியூ2இஎஸ்இ) 2003ல வெளியிட்ட பிட்எக்ஸ் சர்க்யூட்டை வெச்சுக்கிட்டு, கடைசி ஆம்ப்ளிஃபையரை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாத்தி, ரெண்டு ஐஆர்எஃப்510 போட்டு எடுத்த பதினஞ்சு வாட். எங்கள்ல பாதிப் பேருக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கத்துக் கொடுத்தவர். மாமி போனப்புறம் காலை ஆறரை மணி நெட்தான் அவருக்கு எல்லாம். காபி குடிக்கறதே அதுக்கப்புறம்தான்.

ஒரு நாள் ராத்திரி போன். "தம்பி, நான் எட்டு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பேசறேனாமே? ரிக்கை சரி பண்ற வரைக்கும் நெட்டுக்கு வர வேண்டாம்னுட்டாங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

நானும் இன்னொரு நண்பரும் அந்த சனிக்கிழமையே கிளம்பிட்டோம். பையில ஒரு டம்மி லோடு, 40 டெசிபல் அட்டென்யூவேட்டர், டாங்கிள் சைஸ்ல ஒரு எஸ்டிஆர் ரிசீவர், நண்பரோட கையடக்க டைனிஎஸ்ஏ. நம்ம ரிசீவரே பொய் சொல்லும்ங்கறதால அட்டென்யூவேட்டர் முக்கியம். பக்கத்து வீட்டு சிக்னல் பலமா வந்து ரிசீவர் திக்குமுக்காடினா, சுத்தமான சிக்னல்கூடத் திரையில குண்டாத் தெரியும். ஒருத்தர் மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி 20 டெசிபல் குறைச்சுப் பார்க்கணும். அப்பவும் அதே அகலம் தெரிஞ்சா குத்தம் அங்கேதான். சார் சிக்னல் அப்பவும் குண்டாத்தான் இருந்தது.

இப்ப ஒரு சின்னப் பாடம். இரைச்சல் வேற, சிதைவு வேற. நீங்க பேசாம இருந்தாலும் இருக்கறது இரைச்சல். நீங்க பேசினா மட்டும் வர்றது சிதைவு. அதனால முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. மைக் பட்டனை அமுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. மிச்சம் என்ன கேக்குதோ அது இரைச்சல். அப்புறம் ஒரே சுருதியில விசில் அடிங்க. புதுசா என்ன சேருதோ அது சிதைவு.

சார் பட்டனை அமுக்கினார். சும்மா இருக்கும்போது சுத்தம். 'ஹலோஓஓ' சொன்னா மட்டும் அடியில 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். அதாவது கரண்ட் நிறைய இழுக்கும்போது மட்டும் வர்ற இரைச்சல். பேசினா மட்டும் வருதே, இது சிதைவா இரைச்சலான்னு நண்பர் குழம்பினார். சார் திரும்பிக்கூடப் பார்க்காம "பவர் சப்ளை" என்றார். வாத்தியார் வாத்தியார்தான்.

கணக்கு இதுதான். நம்ம வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டயோடு தாண்டினா வினாடிக்கு 100 மேடு. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை கெபாசிட்டர்தான் நிரப்பணும். 3 ஆம்பியர் இழுக்கற ரிக்குக்கு 10,000 மைக்ரோஃபாரட் இருந்தா பள்ளத்தோட ஆழம் ஏறக்குறைய 3 வோல்ட். ரெகுலேட்டர் அதைச் சமாளிச்சுடும். பல வருஷச் சூட்டுல கெபாசிட்டர் காஞ்சு பாதி ஆயிட்டா பள்ளம் 6 வோல்ட். அப்ப ரெகுலேட்டருக்குக் கீழே கால் எட்டாது. மெதுவாப் பேசினா ஒண்ணும் தெரியாது, ஓங்கிப் பேசினா 100 ஹெர்ட்ஸ் உறுமும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலேர்ந்து வாங்கி வெச்சிருந்த 22,000 மைக்ரோஃபாரட் ஒண்ணு போட்டோம். உறுமல் போச்சு.

ஆனா அகலம் போகலை.

அடுத்தது நிஜமான சிதைவு. கோயில் திருவிழாவுல கட்டற குழாய் ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீங்க. ஒரு நாதஸ்வரம் மட்டும் வாசிச்சா ஏதோ தாங்கும். ரெண்டு சேர்ந்தா யாருமே வாசிக்காத மூணாவது சத்தம் ஒண்ணு கரகரன்னு வரும். ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான். உள்ளே போறதை அதே வடிவத்துல பெரிசாக்கித் தர்ற வரைக்கும் அது நல்ல பிள்ளை. எல்லைக்கு வந்ததும் மேடு தட்டையாகும். உடனே ரெண்டு சுருதியும் கலந்து புதுசா குட்டி போடும்.

இதை அளக்க ஒரு பழைய வழி உண்டு. 700 ஹெர்ட்ஸ், 1900 ஹெர்ட்ஸ்னு ரெண்டு சுருதியை ஒரே நேரத்துல மைக் வழியா அனுப்பணும். 7100 கிலோஹெர்ட்ஸ்ல கீழ்ப்பக்க எஸ்எஸ்பி வெச்சா காத்துல ரெண்டே ரெண்டு கோடு வரணும்: 7099.3, 7098.1. ஒண்ணை இரட்டிப்பாக்கி இன்னொண்ணைக் கழிச்சா முதல் குட்டிகள் விழற இடம் தெரியும்: 7100.5, 7096.9. ரெண்டுமே சாருக்குச் சொந்தமில்லாத இடம். அதுக்கடுத்த குட்டிகள் 7101.7, 7095.7. அதாவது அடுத்தவன் வீட்டுத் திண்ணை. இவை ஒருமுறை ஏரியலுக்குப் போயிட்டா எந்த ஃபில்டரும் பிரிக்க முடியாது, ஏன்னா உண்மையான குரலுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். பொறக்கறதுக்கு முன்னாடியே தடுக்கணும்.

(எஃப்எம்காரங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே சேதி அலையோட உயரத்துல இல்லை, அதிர்வெண்ணுல இருக்கு. மேடு தட்டையானாலும் சேதி கெடாது. எஸ்எஸ்பியில உயரம்தான் சேதி.)

சார் ரிக்ல முதல் குட்டி, உண்மையான கோட்டுக்கு 18 டெசிபல்தான் கீழே இருந்தது. 30 இருந்தா கௌரவம். மூடியைத் திறந்து ரெண்டு ஐஆர்எஃப்510க்கும் சும்மா இருக்கற கரண்டை அளந்தோம். ஒண்ணு 100 மில்லிஆம்பியர். இன்னொண்ணு கிட்டத்தட்ட பூஜ்யம். பயாஸ் ப்ரீசெட் கறுத்துப் போயிருந்தது. ரெண்டு பேர் தூக்க வேண்டிய பல்லக்கை ஒருத்தர் தூக்கிக்கிட்டு இருந்திருக்கார். அலையோட ஒரு பாதி சரியா வந்து, மறுபாதி தாமதமா எழுந்து, நடுவுல ஒரு முறிவு. ப்ரீசெட்டை மாத்தி ரெண்டையும் சமமா வெச்சோம்.

இதுல இன்னொரு லாபம். புஷ்புல் ஆம்ப்ளிஃபையர் சமமா இருந்தா இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் தன்னாலயே ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். 7.1க்கு ரெண்டு மடங்கு 14.2, அங்கேயும் நம்ம ஆளுங்கதான் பேசிக்கிட்டு இருப்பாங்க. அமெரிக்கச் சட்டப்படி இந்த அலைவரிசைகள்ல இப்படிப்பட்ட வேண்டாத அலைகள் 43 டெசிபலாவது கீழே இருக்கணும். பதினஞ்சு வாட்டுக்குக் கணக்குப் பார்த்தா முக்கால் மில்லிவாட். சார் ரிக்ல 36 இருந்தது, பயாஸ் சரி பண்ணினதும் 50 ஆச்சு. அவர் கையால சுத்தின லோபாஸ் ஃபில்டர் காயிலைத் தொடவே இல்லை. தொட விட்டிருக்கவும் மாட்டார்.

முதல் குட்டி இப்ப 30 டெசிபல் கீழே. சந்தோஷமா டீ குடிச்சோம். அப்புறம் டம்மி லோடைக் கழட்டி நிஜ ஏரியலை மாட்டி, சாரைப் பேசச் சொன்னோம்.

பழையபடி எட்டு கிலோஹெர்ட்ஸ்!

திரையைப் பார்த்த நண்பர் என்னைப் பார்த்தார். நான் மைக் கெயினைப் பார்த்தேன். சரியாத்தான் இருந்தது. அப்பதான் கவனிச்சேன், சார் கத்திக்கிட்டு இருந்தார். எங்களோட பேசும்போது சாதாரணமாப் பேசறவர், மைக்கைப் பிடிச்சா திருச்சியிலேர்ந்து மதுரைக்கு ரேடியோ இல்லாமயே கேக்கற மாதிரி கத்தறார்.

எப்படிச் சொல்றது? சால்டரிங் கத்துக் கொடுத்தவர்கிட்ட 'சார், ரிக் ஓக்கே, நீங்கதான்...'னு எப்படி ஆரம்பிக்கறது? நாங்க ரெண்டு பேரும் ஏரியலைப் பார்க்கற சாக்குல மொட்டை மாடிக்குப் போய் முழிச்சுக்கிட்டு நின்னோம்.

காப்பாத்தினது அவர் பொண்ணு. துணி காயப்போட வந்தவங்க சொன்னாங்க: "அப்பா நெட்டுக்கு உக்காரும்போது காது மெஷினைக் கழட்டி வெச்சிடறாரு அண்ணா. கேட்டா கத்தறாரு."

கீழே வந்து மெதுவாக் கேட்டோம். ஏன் சார் கழட்டறீங்க?

"பட்டனை அமுக்கினா காதுக்குள்ள கரட் கரட்டுனு இரையுது தம்பி. பேச முடியலை. கழட்டிட்டா நிம்மதி."

அவ்வளவுதான். முழுப் படமும் தெரிஞ்சுடுச்சு. ஏரியலுக்குப் போற கோஆக்ஸ் கேபிளோட வெளித்தோல் மேல அலையில ஒரு பங்கு திரும்பி வீட்டுக்குள்ள வருது. அது ஹெட்போன் வயர் வழியா காது வரைக்கும் ஏறுது. காது மெஷினுக்குள்ள இருக்கற குட்டி ஆம்ப்ளிஃபையர் அதைப் பிடிச்சு இரையுது. சார் மெஷினைக் கழட்டறார். கழட்டினா தன் குரல் தனக்கே கேக்கலை. கேக்கலைன்னா கத்தறார். கத்தினா ஆம்ப்ளிஃபையர் தட்டையாகுது. தட்டையானா தெறிக்குது. தெறிச்சா நெட்ல வர வேண்டாம்ங்கறாங்க. டம்மி லோடுல எல்லாம் ஒழுங்கா இருந்ததுக்கும் அதுதான் காரணம். எங்க மெஷின் கொடுத்த ரெண்டு சுருதிக்குக் கத்தத் தெரியாதே!

வைத்தியம் சுலபம். கோஆக்ஸ் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒரு பெரிய ஃபெரைட் வளையத்துல பத்து சுத்து. உள்ளே ஓடற சிக்னலுக்கு இது கண்ணுக்கே தெரியாது, வெளித்தோல் மேல வர்ற திருட்டுக் கரண்டுக்கு மட்டும் மலை மாதிரி நிக்கும். ஹெட்போன் வயர்ல ஒரு கிளிப் ஃபெரைட். மைக் சாக்கெட்ல ஒரு நானோஃபாரட் கெபாசிட்டர். காது மெஷினை மாட்டிக்கிட்டு சார் பட்டனை அமுக்கினார். ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், அறையில நாங்க இருக்கோம்ங்கறதே மறந்து போய், ரொம்பச் சாதாரணமான குரல்ல தன் கால்சைனைச் சொன்னார். திரையில மூணு கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மெல்லிசான பட்டை.

பழக்கம்னு ஒண்ணு இருக்கே, அதுக்காக மீட்டர்ல ஒரு எல்லை வேணும்னு அவரே கேட்டார். பேத்தியோட நெயில்பாலிஷ்ல ஒரு சிவப்புக் கோடு போட்டோம். "பவர் பாதி ஆயிடுமேப்பா"ன்னு கொஞ்சம் முனகினார். கணக்கைக் காட்டினோம். பவர் பாதியானா 3 டெசிபல்தான் குறையும். கேக்கறவர் மீட்டர்ல அது அரை எஸ் யூனிட், பல பேர் கவனிக்கக்கூட மாட்டாங்க. ஆனா முதல் குட்டி ஏறக்குறைய 9 டெசிபல் இறங்கும். நீங்க ஒரு படி இறங்கினா அது மூணு படி இறங்கும். ரேடியோவுல அடக்கத்துக்குக் கிடைக்கற வட்டி இது.

இந்தப் போராட்டம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி பெல் லாப்ஸ்ல ஹெரால்ட் பிளாக்னு ஒரு எஞ்சினியர். தொலைதூர டெலிபோன் லைன்ல வரிசையா வெச்ச ஆம்ப்ளிஃபையர்கள் ஒண்ணு மேல ஒண்ணு சிதைவைச் சேர்த்துக்கிட்டே போறதை எப்படி நிறுத்தறதுன்னு வருஷக்கணக்கா மண்டையை உடைச்சவர். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹட்சன் ஆத்துல வேலைக்குப் போற படகுல நிக்கும்போது பொறி தட்டியது. கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் தாள் மேலேயே எழுதினார். வெளியே வர்றதுல ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, தலைகீழாக் கழிச்சுடு. ஆம்ப்ளிஃபையர் தன் தப்பைத் தானே திருத்திக்கும். நெகடிவ் ஃபீட்பேக். இன்னிக்கு செல்போன் டவர்கள்ல வேற ஒரு தந்திரமும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கோணலாக்கும்னு கத்துக்கிட்டு, சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கோணலாக்கி உள்ளே அனுப்பறது. கோணலும் கோணலும் சேர்ந்து நேர். ஹாம்கள் உபயோகிக்கற சில எஸ்டிஆர் ரிக்குகள்லயும் 'பியூர்சிக்னல்'ங்கற பேர்ல இது வந்துடுச்சு.

ரெண்டு தந்திரத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். நாம வெளியே என்ன அனுப்பறோம்னு நமக்கே திரும்பிக் கேக்கணும். கேக்காத ஆம்ப்ளிஃபையர் திருந்தாது. சாருக்கு நடந்ததும் அதேதான்னு நினைக்கறேன். அவர் காதுக்கும் வாய்க்கும் நடுவுல இருந்த ஃபீட்பேக் வயர் அறுந்து போயிருந்தது. ரிக்குக்குள்ள என்ன தேடினாலும் அது கிடைச்சிருக்காது.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை நெட். கன்ட்ரோல் ஸ்டேஷன்காரர் சார் குரலைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் "ரொம்பத் தெளிவா இருக்கு சார், புது ரிக்கா?"ன்னார். சார் எங்களைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டு, "பழைய ரிக்தான், புதுக் காது"ன்னார்.

உங்க ரிக்கைப் பத்தி யாராவது குறை சொன்னா கோவப்படாம இந்த வரிசையில பாருங்க: பவர் சப்ளை, பயாஸ், ஃபில்டர், கோஆக்ஸ் சோக், கடைசியா மைக் கெயின். இதெல்லாம் முடிஞ்சும் தெறிச்சா, மைக்குக்கு முன்னாடி உக்காந்திருக்கற மனுஷனுக்கு என்ன கஷ்டம்னு கேட்டுப் பாருங்க. அடுத்தவர் சிக்னல் அகலமாத் தெரிஞ்சா 'வராதே'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வாங்க. டீயும் கிடைக்கும்.

செவன்டி த்ரீ!

டிஸ்கி: அந்தக் காஞ்சு போன கெபாசிட்டரை நான் கேட்டும் சார் தரலை. பேப்பர் வெயிட்டா வெச்சிருக்கார்.